சாலமன் அண்ணன் அடுப்பும் மூன்று தட்டும்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடமாக நான் பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள். ஒட்டுக் கேட்கவில்லை என்று சொன்னால் எங்கள் சுரங்க லைன் வீடுகளில் ஒருவரும் நம்பப் போவதில்லை, அதனால் அதைச் சொல்லவில்லை. விடியற்காலையில் நான் மாவுக் குண்டானைத் திறக்கிற நேரத்துக்கு அந்தச் சுவரில் இரும்புச் சத்தம் வரும். டங், டங், டங். மூன்று தட்டு. ரூபி அக்காவுக்குக் குளிர்கிறது என்று அர்த்தம். உடனே வராந்தாப் பக்கம் ‘கிர்ர்ர்’ என்று ஒரு கைப்பிடி சுற்றுகிற சத்தம் கேட்கும். அது அக்காவின் வீட்டுக்காரர், சாலமன் அண்ணன். அக்கா உள்ளே, அண்ணன் வெளியே, நடுவில் சுவரில் பதித்த ஓர் அடுப்பு. அந்தக் கிர்ர்ர் காதில் விழுந்த பிறகுதான் நான் முதல் ஈடு இட்லி ஊற்றுவேன். கடிகாரம் எங்கள் வீட்டிலும் உண்டு. அது நின்று போனாலும் யாரும் கவனிக்க மாட்டோம்.

போன மாதம் ஒரு நாள் மூன்று தட்டு கேட்டது, கிர்ர்ர் கேட்கவில்லை. மறுபடியும் மூன்று. அதற்கும் ஒன்றுமில்லை. கையில் மாவுக் கரண்டியோடு வெளியே போய் எட்டிப் பார்த்தேன். அண்ணன் தன் முக்காலியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் மங்கி கேப், கழுத்தில் மஃப்ளர், கை கைப்பிடியின் மேல்.

“இன்னா அண்ணா, ஷிப்ட்ல தூங்கறீங்களா? ரிப்போர்ட் எழுதிடட்டா?” என்றேன்.

அவரைக் கிண்டல் செய்தால் பதில் வராமல் இருந்ததே கிடையாது. அன்றைக்கு வரவில்லை. அப்படித்தான் எனக்குச் செய்தி வந்தது. எங்கள் தங்கவயல் பாலகாட் பகுதியில் வேறு யாருக்கும் தெரிவதற்கு முன்னால், மாவு சொட்டச் சொட்ட நின்ற எனக்கு.

சபைப் பத்திரிகைக்கு அண்ணனைப் பற்றி எழுதித் தரும்படி போதகர் கேட்டபோது, “நான் மாரியம்மன் கோயிலுக்குப் போறவ அய்யா. அதுவும் அஞ்சாவதுலயே நின்னவ” என்றேன். “அவர அதிகமா கிண்டல் பண்ணது நீங்கதான். நீங்களே எழுதுங்க” என்றார். அவர் சொன்னது சரிதான் என்பதால் உட்கார்ந்துவிட்டேன். என் பேச்சை எழுத்தாக்கித் திருத்திக் கொடுத்தது என் மகள். தப்பு இருந்தால் அவளைக் கேளுங்கள்.

நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு அண்ணனை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பூமிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜை மேலே இருந்து ஓட்டிய இன்ஜின் டிரைவர் அவர். மைன்ஸ் மூடிய பிறகு எங்கோ மலையில் ஓர் எஸ்டேட் பங்களாவில் ஃபிட்டர் வேலைக்குப் போய்ச் சில வருடம் இருந்தார். அங்கேதான் விருந்தாளி அறையில் பெல்லட் அடுப்பைப் பார்த்திருக்கிறார். மரத்தூளை இறுக்கி, சுண்டுவிரல் நீளத்துக்குக் குச்சி குச்சியாக வெட்டினது பெல்லட். புகையே தெரியாமல் எரியும். ஊருக்குத் திரும்பி வந்தவர் பெட்டியில் சட்டை வேட்டியோடு ஒரு பொட்டலம் பெல்லட்டும் கொண்டு வந்திருந்தார். மலையிலிருந்து வருகிறவர்கள் தைலம் கொண்டு வருவார்கள், டீத்தூள் கொண்டு வருவார்கள். இவர் மரத்தூள் கொண்டு வந்தார்.

எங்களுக்குள் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. என் டிபன் கடைக்கு வீட்டின் பின்பக்கம் விறகடுப்பு. லைன் வீட்டுச் சுவர்கள் கூரை வரை போகாது. மேலே ஒரு சந்து இருக்கும். என் புகை அந்தச் சந்து வழியாக அவர்கள் வீட்டுக்குள் குடியேறிவிட்டது. ரூபி அக்காவுக்கு ஏற்கெனவே நெஞ்சு சரியில்லை, மூச்சு விட்டால் உள்ளே விசில் ஊதும். அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா கஸ்தூரி, உன் இட்லி வேவுதோ இல்லியோ, என் வூட்டுக்காரி வெந்துடுவா போலகீது.”

“அப்ப உங்க வூட்டு சந்த அடைங்க அண்ணா. புகைக்கு நானா கேட் பாஸ் குடுத்தேன்?”

“சந்த அடைச்சா காத்து எப்டி வரும்? உன் வாய அடைச்சாலாவது ஊருக்கு நிம்மதி வரும்.”

அன்றைக்கு எனக்கு ‘சைரன்’ என்று பேர் வைத்தார். ஷிப்ட் சைரன் நின்று போன ஊரில் அந்தக் குறை தெரியாமல் இருக்கக் கடவுள் என்னை அனுப்பினாராம். நானும் சும்மா விடவில்லை, ‘ஊட்டி துரை’ என்று வைத்தேன். இரண்டு பெயரும் நிலைத்துவிட்டன.

அடுத்த வாரம் தள்ளுவண்டியில் ஓர் அடுப்பையும் ஒரு மூட்டையையும் கொண்டு வந்து என் கடை முன்னால் இறக்கினார். மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். “இன்னா அண்ணா, மாட்டுத் தீவனம் விக்க ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் குனிந்து பற்ற வைத்து, சின்ன ஃபேனைத் தட்டிவிட்டு, இட்லிக் குண்டானைத் தூக்கி மேலே வைத்தார். தீ நீலமும் மஞ்சளுமாகச் சுழன்று எழுந்தது. புகை வருகிறதா என்று நான் குனிந்து குனிந்து பார்த்தேன். “தேடாத. புகையா போறது அல்லாம் நீ துட்டு குடுத்து வாங்கன சூடு. அத்த ஏன் வானத்துக்கு அனுப்பற?” என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்துவிட்டது. அவர் முன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “ஆவட்டும், கண்ணு எரியாம இருக்கறது ஒரு மாதிரிதான் கீது” என்றேன். அண்ணன் அதைச் சர்டிபிகேட்டாக எடுத்துக்கொண்டு நாலு தெருவுக்குச் சொல்லிவிட்டார்.

ஆனால் அவர் மனசில் இருந்தது என் இட்லி இல்லை. மார்கழி மாதம் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்று இறங்கும்போது லைன் வீட்டுத் தகரம் ஐஸ் கட்டி மாதிரி ஆகிவிடும். அந்த மாதங்களில் அக்கா படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே விடியக் காத்திருப்பார். கரி அடுப்பை உள்ளே வைத்தால் புகை. கரண்டு ஹீட்டர் போட்டால் பழைய ஒயர் தாங்காமல் எங்கள் வீடு உட்பட எல்லா வீடும் இருட்டாகும். அப்போது நாங்கள் அவரை வாழ்த்தின வாழ்த்தை இங்கே எழுத முடியாது. கடைசியில் வெல்டிங் கடையில் உட்கார்ந்து, பழைய பைப்பையும் தகட்டையும் ஒட்ட வைத்து, அந்தச் சுவர் அடுப்பைச் செய்தார். அடுப்பின் வயிறு அறைக்குள்ளே, சூடு மட்டும் அங்கே. வாயும் பெல்லட் தொட்டியும் புகைக் குழாயும் வெளியே, வராந்தாவில். கைப்பிடியைச் சுற்றினால் பெல்லட் கொஞ்சம் கொஞ்சமாகத் தீயில் விழும். கே.ஜி.எஃப்.பில் வீட்டைச் சூடு பண்ண அடுப்பா என்று ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. டிக்கெட் போட்டிருந்தால் நான் பக்கத்தில் டீ விற்றிருப்பேன்.

“தொட்டிய உள்ளயே வெச்சிருந்தா நீங்களும் குளிர் காயலாம் இல்ல? இன்னாத்துக்கு இப்டி வெளிய உக்காந்து நடுங்கறீங்க?” என்று கேட்டேன்.

“கொட்டும்போது தூள் பறக்கும். அவளுக்கு ஆவாது.”

“அப்ப அக்காவுக்கு குளுருதா வேவுதான்னு உங்களுக்கு எப்டி தெரியும்?”

“பெல் அடிப்பா” என்றார். ஒரு பழைய ஸ்பேனரை அக்கா கையில் கொடுத்திருந்தார். அடுப்புத் தகட்டில் மூன்று தட்டினால் தீயை ஏற்று. இரண்டு தட்டினால் இறக்கு. ஒன்று தட்டினால் நிறுத்து. கேஜ் ஓட்டின பழக்கம். “டிரைவரு கீழ கீறவன் மூஞ்ச பாக்கறதில்ல கஸ்தூரி. கேக்கறது பெல்லு ஒண்ணுதான். பெல் அடிச்சா கேள்வி கேக்காத. கீழ இன்னா கஷ்டம்னு அவனுக்குத்தான் தெரியும்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, “ஏன்க்கா, ஒத்த ரூம்பு வூட்டுக்கு பெல்லா? வாயத் தொறந்து ‘இன்னாங்க, குளுருது’ன்னா ஆவாதா?” என்றேன்.

அக்கா சிரித்துக்கொண்டே, நடுவில் இரண்டு தடவை நிறுத்தி, “கூப்பிட… மூச்சு… இல்லம்மா. அதான்” என்றார்.

நான் ஸ்பேனரை அக்கா கைக்கு எட்டுகிற பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு குளிர்காலத்தில்தான் அண்ணன் நிஜமாகப் பயந்ததைப் பார்த்தேன். பங்காருபேட்டைப் பக்கம் ஒரு மில்லில்தான் அவர் மூட்டை மூட்டையாகப் பெல்லட் வாங்கி வருவார். திடீரென்று பெரிய பேக்டரிகள் பாய்லருக்கு இதையே எரிக்க ஆரம்பித்துவிட்டன. மில்லில் ஓடுகிறது எல்லாம் லாரியில் ஏறிப் போய்விடும். அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். மில்காரர், “ஒந்து லாரி ஆத்ரெ கொடுத்தீனி, எரடு சீல ஆத்ரெ இல்ல” என்று கன்னடத்தில் முடித்துவிட்டார். லாரி லோடு என்றால் தருவாராம், இரண்டு மூட்டை கேட்டால் இல்லையாம். வெறும் கையோடு வந்த அண்ணன் கடலைத் தோலைத் தொட்டியில் போட்டுப் பார்த்தார். கட்டி தட்டி அடைத்துக்கொண்டது. சுவரில் மூன்று தட்டு கேட்கும். அவர் சுற்றுவார். தீ ஏறாது. மறுபடியும் மூன்று. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்று நான் கிண்டல் செய்யவில்லை.

பெங்களூரிலிருந்து அவர்கள் மகள் ஷீலா போன் செய்தது. “டாடி, மம்மிய இங்க அனுப்புங்க. பிளாட்ல ஹீட்டர் இருக்கு, ஹாஸ்பிடல் பக்கத்துல இருக்கு.” சொன்னதில் தப்பில்லை. அக்காதான் ஒரேயடியாகத் தலையாட்டி மறுத்தார். பதினோராவது மாடியில் போய்ச் சுவரைத் தட்டினால் யாருக்குக் கேட்கும் என்று கேட்டார். அந்தப் பிளாட்டை அவர் ஒரு முறை பார்த்தவர். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஷீலாவுக்கே தெரியவில்லையாம்.

“ஒரு லாரி எறக்கிடலாமா?” என்று என்னிடம் கேட்டார் அண்ணன். அவருக்கு வேண்டியது அதில் ஒரு மூலைதான். மிச்சத்தை லைனில் எல்லா வீடும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு எல்லாரும் விறகை விட்டு பெல்லட் அடுப்புக்கு வர வேண்டும். அவர் வீடு வீடாகப் போய் அடுப்பின் அருமையை எடுத்துச் சொன்னார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டு, டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு நான் கிளம்பினேன். எனக்கு அருமை பெருமை எல்லாம் சொல்லத் தெரியாது. “உன் மாமியாரு இருமறது கோலாருக்கு கேக்குது, கோர்ட்ல இருந்து நோட்டீஸ் வரப்போவுது” என்றேன். “உன் புருசன் சட்டைய மோந்து பாத்தா கருவாடு தோத்துச்சு” என்றேன். இரண்டே நாளில் லைன் முழுக்கப் பங்குக்குச் சேர்ந்துவிட்டது. “சைரன் ஊதினா ஷிப்ட்டு வந்துதானே ஆவணும்” என்றார் அண்ணன். எனக்கு அவர் கொடுத்த ஒரே பாராட்டு அதுதான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

லாரி சந்துக்குள் நுழையவில்லை. ரோட்டிலேயே நிறுத்தி, கைமாற்றிக் கைமாற்றி மூட்டைகளை இறக்க வேண்டியதாயிற்று. வரிசையில் நின்றவர்கள் பாதிப் பேர் மைன்ஸில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள். ஆளுக்கு ஆள் ஒரு யோசனை சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் லாரிப் பக்கம் போனார். ஸ்பேனரை எடுத்து லாரியின் பக்கத் தகட்டில் டங் என்று ஒரு தட்டுத் தட்டினார். அத்தனை பேரும் கையில் இருந்ததோடு அப்படியே நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கக்கூட இல்லை. நானும் நின்றேன், இத்தனைக்கும் நான் சுரங்கத்துக்குள் காலே வைத்ததில்லை. கொஞ்ச நேரம் விட்டு மூன்று தட்டினார். வரிசை ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒரு மூட்டைகூடக் கீழே விழவில்லை.

“தரையில வெக்காதீங்க, செங்கல் போட்டு மேல வைங்க” என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுப் போனார். “இதுக்கு ஒரே எதிரி தண்ணி. தண்ணி பட்டா பழையபடி தூளு. மனுசன் மாதிரிதான். தூளா இருந்து வந்தோம், தூளாப் பூடுவோம்.” எல்லார் வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் செங்கல் மேல் மூட்டை ஏறியது. என் வீட்டுக்காரர் கன்னியப்பன் மட்டும், செங்கல் எடுக்கக் குனிய வேண்டும் என்பதால், தரையிலேயே வைத்தார், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்தவர், தலைப் பக்கம் தாழ்ந்து கால் பக்கம் உயர்ந்து போகிறது, தனக்கு ஏதோ தலைசுற்றல் வியாதி என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். குனிந்து பார்த்தால், ஊறி உப்பிய மூட்டை கட்டிலின் காலைத் தூக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் வந்து பார்த்து, “பரவால்ல, கேஜ் மேல வந்துகீது” என்று மட்டும் சொன்னார்.

அந்தக் குளிர்காலம் போயிற்று. அக்கா படுத்துத் தூங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் லாரி வந்தது, அண்ணன் தட்டினார், நாங்கள் நின்றோம், ஓடினோம்.

அவரை அடக்கம் செய்த அன்று தூறல். போதகர் மண்ணுக்கு மண்ணாக என்று சொன்னபோது எனக்கு அவருடைய பெல்லட் பிரசங்கம் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். நான் குலுங்கி அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டிக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் உண்மையாகிவிட்டது.

அந்த விடியற்காலை நான் என்ன செய்தேன் என்பதை இன்னும் சொல்லவில்லை. அண்ணன் போய்விட்டார் என்று தெரிந்த அந்த நிமிஷம் சுவரில் மறுபடியும் டங், டங், டங் கேட்டது. யாரையும் கூப்பிடவில்லை நான். அவர் கையை மெதுவாக எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, கைப்பிடியைச் சுற்றினேன். தீ ஏறும்வரை சுற்றினேன். அதற்குப் பிறகுதான் உள்ளே போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அறை வெதுவெதுப்பாக இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். “சுத்துனது நீதானே?” என்றார். “அவரு சுத்தறது வேற மாதிரி.”

ஷீலா வந்தது. காரியமெல்லாம் முடிந்ததும் அக்காவின் துணிகளைப் பெட்டியில் மடித்து வைக்க ஆரம்பித்தது. அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்பேனரை மட்டும் பெட்டியில் வைக்க விடாமல் கையிலேயே வைத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. “காலைல எப்டியும் நான் எழுந்திருக்கறவ. சாயங்காலமும் கடை கட்டிட்டு வெட்டியாத்தான் கீறேன். நான் உக்கார்றேன் முக்காலில” என்றேன்.

“ஆன்ட்டி, நீங்க கரெக்டா கவனிப்பீங்களா? மம்மிக்குக் குளிர் பட்டா அவ்ளோதான்” என்றது ஷீலா. அது கேட்டது நியாயம். நான் ஒரு வேலையைப் பேசாமல் செய்து அந்தப் பிள்ளை பார்த்ததே இல்லை. நினைவு ஜெபக் கூட்டம் வரை பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றது.

ஆகவே அண்ணனிடமிருந்து எனக்கு வந்தது இவ்வளவு: அந்த முக்காலி, வருடம் ஒரு லாரி பெல்லட்டுக்குச் சொல்லிவைக்கும் பொறுப்பு, பெல் அடித்தால் கேள்வி கேட்காதே என்கிற ஒரு வார்த்தை. ‘சைரன்’ என்கிற பேரும் என்னிடம்தான் இருக்கிறது, கூப்பிடத்தான் ஆள் இல்லை.

ஜெபக் கூட்டம் அக்காவின் அறையிலேயே நடந்தது. அடுப்பின் மேல் தகட்டில் அண்ணனின் லேமினேட் போட்டோவை நிறுத்தி, பிளாஸ்டிக் ரோஜா மாலை போட்டிருந்தார்கள். நான் வெளியே முக்காலியில் இருந்தேன். அடுப்பு லேசாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே பாட்டு ஆரம்பித்தது, கூடவே மூன்று தட்டு. சுற்றினேன். மறுபடியும் மூன்று. சுற்றினேன். மறுபடியும் மூன்று, மூன்று, மூன்று. அக்காவுக்கு இவ்வளவு குளிர் எப்படி என்று ஒரு கணம் தோன்றியது. கேள்வி கேட்கக் கூடாது என்பதால் கேட்கவில்லை. பாட்டு நீளமான பாட்டு. தொட்டியில் இருந்த பெல்லட் முழுவதும் போயிற்று.

பாட்டு முடிந்து கதவு திறந்தது. முதலில் போதகர் அங்கியின் கழுத்தைத் தளர்த்திக்கொண்டு வந்தார். அப்புறம் சபையார், முகத்தைத் துடைத்தபடி. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு முழுக்க மோதிரத்தால் அடுப்புத் தகட்டில் டங், டங், டங் என்று தாளம் போட்ட சபைச் செயலாளரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கடைசியாக ஷீலா வந்து தண்ணீர் கேட்டது. குடித்துவிட்டு, “மம்மி இங்கயே இருக்கட்டும் ஆன்ட்டி. குளிர் படாது” என்றது.

பிளாஸ்டிக் மாலை சூட்டில் உருகி போட்டோவோடு ஒட்டிவிட்டது. சுரண்ட வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அண்ணனுக்கு இப்போது வலது பக்கம் மீசையும் இடது பக்கம் ரோஜாவும் இருக்கிறது.